புல்தரையில் தடுமாறிய ஷார்ட்ஸ்டாப்: கஸுவோ மட்சுயியின் ஆட்ட வாழ்க்கை

2004 ஏப்ரல் 6, அட்லாண்டா. நியூயார்க் மெட்ஸ் அணியின் முதல் ஆட்டம், முதல் இன்னிங்ஸ், முதல் ஆட்டக்காரர். ஜப்பானிலிருந்து வந்து அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் முதன்முறை மட்டை பிடிக்கும் கஸுவோ மட்சுயிக்கு ரஸ் ஆர்டிஸ் முதல் பந்தை வீசினார். அது வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. அன்று மட்சுயி ஐந்து முறை மட்டை பிடித்தார்: ஒரு ஹோம் ரன், இரண்டு டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ், அதாவது ஓட்டப்பாதையின் இரண்டாம் மூலை, வரை ஓடுவது), இரண்டு வாக் (பந்துவீச்சாளர் தவறாக வீசியதால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்). ஒரு முறைகூட அவரை அவுட் செய்ய முடியவில்லை. மெட்ஸ் 7-2 என்று ஜெயித்தது.

2006 ஜூன் 9 அன்று அதே மெட்ஸ் அவரை கொலராடோ ராக்கீஸுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு வாங்கியது எலி மரேரோவை. எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர், ஆனால் பெரும்பாலும் பெஞ்சில் இருப்பவர். மூன்று ஆண்டுக்கு 2.01 கோடி டாலர் பேசி அழைத்துவந்த, ஜப்பானின் தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப் என்னும் தடுப்பாட்டக்காரருக்குக் கிடைத்த விலை அவ்வளவுதான்.

நடுவில் என்ன நடந்தது? "நியூயார்க் அழுத்தத்தைத் தாங்கவில்லை" என்பது வழக்கமாகச் சொல்லும் பதில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அழுத்தத்தில் உடைந்து போகிறவர் ஒவ்வொரு சீசனின் முதல் வாய்ப்பிலும் ஹோம் ரன் அடிக்க மாட்டார். மட்சுயி மூன்று ஆண்டும் அடித்தார். 2004-ல் அட்லாண்டாவில், 2005-ல் சின்சினாட்டியில். 2006-ல் முழங்கால் காயத்தால் தாமதமாக வந்து, ஏப்ரல் 20 அன்று சான் டியேகோவில் ஜேக் பீவியின் பந்தை அடித்தார். அந்த மூன்றாவது வேலியைத் தாண்டக்கூட இல்லை. பந்து மைதானத்துக்குள்ளேயே உருள, நான்கு பேஸையும் ஓடியே முடித்தார்.

சரி, ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

பந்துவீச்சாளராக இருந்தவர்

1975 அக்டோபரில் ஒசாகா மாகாணத்தில் பிறந்தவர். படித்தது பிஎல் ககுவென் பள்ளியில். ஜப்பானியப் பள்ளி பேஸ்பாலில் அந்தப் பெயருக்கு ஒரு தனி எடை உண்டு. கியோஹாரா, குவாட்டா, தட்சுனாமி போன்ற நட்சத்திரங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். அங்கே மட்சுயி பந்துவீச்சாளர். அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்று சுற்றாக எடுக்கும் 1993 தேர்வில், ஜப்பானின் இரண்டு தொழில்முறை லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீக்கின் செய்பு லயன்ஸ் அவரை மூன்றாவது சுற்றில் எடுத்தது, ஆனால் பந்துவீச வைக்கவில்லை. தோளில் வலு இருக்கிறது, காலில் வேகம் இருக்கிறது, ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்துவோம் என்று முடிவு செய்தார்கள். வலது கைப் பழக்கமுள்ளவர் இடப்பக்கம் நின்று அடிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பள்ளி முடித்து வந்த பையனுக்குப் புது இடம், புது மட்டைப் பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வலக்கையர் என்பதால் தரையோடு வரும் பந்துகளில் ஏராளம் அந்தப் பக்கம்தான் போகும். அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிய வேண்டிய தூரமும் அதிகம். பாய்ந்து எடுக்கவும் வேண்டும், எடுத்த கையோடு எறியவும் வேண்டும். அதனால் அணியில் கைகாலில் கெட்டிக்காரன் யாரோ அவனையே அங்கு நிறுத்துவார்கள்.

மட்சுயி அந்த இடத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கொடுத்தார். 1997-ல் 62 முறை பேஸ் திருடி (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்து) பசிபிக் லீக்கில் முதலிடம், அடுத்த இரண்டு ஆண்டும் அதே பட்டம். 1998-ல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். 1997 முதல் 2003 வரை ஏழு ஆண்டும் தொடர்ந்து பெஸ்ட் நைன் என்ற ஆண்டின் சிறந்த ஒன்பது பேர் அணியில் அவர்தான் ஷார்ட்ஸ்டாப்.

2002-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். சராசரி (மட்டை பிடித்த முயற்சிகளில் ஹிட், அதாவது பேஸ் தந்த அடி, ஆனவற்றின் பங்கு) .332, ஹோம் ரன் 36, திருடிய பேஸ் 33. சராசரி .300, ஹோம் ரன் முப்பது, திருட்டு முப்பது ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் தாண்டுவதை ஜப்பானில் 'ட்ரிபிள் த்ரீ' என்பார்கள். இருபக்கமும் அடிப்பவர் ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல் முறை. டபுள், டிரிபிள், ஹோம் ரன் சேர்த்து 88 பெரிய அடிகள். இதெல்லாம் ஐந்தடி பத்து அங்குல ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து!

இந்த எண்களுக்கு நடுவே நான் அடிக்கோடிடும் எண் வேறு: 1,143. இடையில் ஒன்றைக்கூட விடாமல் அவர் தொடர்ந்து ஆடிய ஆட்டங்கள், பசிபிக் லீக் சாதனை. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். பெற்றோர் வைத்த கஸுவோவின் எழுத்துகள் வேறு. தொழில்முறை ஆட்டத்தில் அதே ஒலிக்கு வேறு எழுத்துகளைப் பதிவு செய்துகொண்டார்: சம்பாதிப்பது, தலை, நடு. யோமியூரி அணியில் ஹிதேகி மட்சுயி 'காட்ஸில்லா' என்று கொடிகட்டிப் பறந்த காலம் அது. உறவில்லாத, பெயரில் மட்டும் ஒன்றான இவர் 'சின்ன மட்சுயி'. இரு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் தொடரில், 2002-ல், இரண்டு மட்சுயிகளும் மோதினார்கள். பெரியவரின் அணி 4-0 என்று வாரிச் சுருட்டியது.

வெண்ணெய் கையில் இருக்க

2003 டிசம்பரில் மெட்ஸ் ஒப்பந்தம். அதுவரை ஜப்பானிலிருந்து மேஜர் லீக் போய் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். நோமோ பந்துவீச்சாளர். இச்சிரோ, ஷின்ஜோ, ஹிதேகி மட்சுயி மூவரும் அவுட்ஃபீல்டர்கள், ஆழத்தில் நிற்பவர்கள். இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களை ஒட்டிய உள்பகுதியில், நிற்க ஒரு ஜப்பானியரை மேஜர் லீக் அணி அழைத்தது இதுவே முதல் முறை.

மெட்ஸிடம் ஷார்ட்ஸ்டாப் இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தார். ஹோசே ரெயஸ், இருபது வயது. 2003-ல் 69 ஆட்டங்களில் .307 அடித்தவர், காற்றாக ஓடுபவர். அவரை இரண்டாவது பேஸுக்குத் தள்ளிவிட்டு மட்சுயிக்கு இடம் போட்டார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ரெயஸின் தொடைத் தசை ஏற்கெனவே பிரச்சினை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அவரால் ஆட முடிந்தது 53 ஆட்டங்கள் மட்டுமே. பிறகு பழைய இடத்துக்கே திரும்பி, 2011-ல் நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டம் வரைக்கும் போனார்.

மட்சுயியின் தவறு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் மைதானத்தில் அவர் பந்தைத் தவறவிடும் ஒவ்வொரு முறையும் மெட்ஸின் சொந்த மைதானமான ஷே ஸ்டேடியத்தின் கூட்டத்துக்கு ரெயஸ் ஞாபகம் வந்திருக்கும். தவறவிடவும் செய்தார். முதல் ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட பிழைகள். சராசரி .272, ஹோம் ரன் 7, ஆடியது 114 ஆட்டங்கள். ஆகஸ்டில் முதுகு பிடித்துக்கொண்டது. 1,143 ஆட்டங்கள் விடாமல் ஆடிய உடம்பு, அமெரிக்காவில் முதல் சீசனையே முழுதாக முடிக்கவில்லை.

அடியின் பலம் குறைந்ததற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2002-ல் 50 ஹோம் ரன் அடித்த ஹிதேகி மட்சுயி, யாங்கீஸுக்குப் போன முதல் ஆண்டில் 16 தான் அடித்தார். கடைசி நேரத்தில் வளைந்து இறங்கும் வேகப்பந்து, பெரிய மைதானங்கள், கடல் தாண்டிப் போகும் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் ஹிதேகிக்கு அவுட்ஃபீல்டில் வேலை மாறவில்லை. மேலே வரும் பந்து எந்த நாட்டிலும் மேலேயேதான் வரும். தரையில் வரும் பந்து அப்படி இல்லை.

தரை

அந்தக் காலத்து பசிபிக் லீக் மைதானங்களை வரிசையாகப் பார்த்தால் விஷயம் புரியும். செய்பு டோம், டோக்கியோ டோம், ஃபுகுவோகா டோம், ஒசாகா டோம், கூரை இல்லாத சிபா மரீன், எல்லாமே செயற்கைப் புல். கோபேயில் மட்டும் இயற்கைப் புல். மற்றொரு லீக்கான சென்ட்ரல் லீக்கின் கோஷியேனில் இன்ஃபீல்ட் முழுக்க வெறும் மண்.

செயற்கைப் புல்லில் பந்து வேகமாக வரும், ஆனால் பொய் சொல்லாது. முதல் துள்ளலைப் பார்த்தாலே மூன்றாவது துள்ளல் எங்கே என்று தெரிந்துவிடும். அதனால் ஷார்ட்ஸ்டாப் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கலாம். பந்து தன்னிடம் வரும் வரை காத்திருந்து எடுத்து, கால் ஊன்றி எறிய நேரம் கிடைக்கும். மட்சுயியின் தோளுக்கு அது தாராளம்.

இயற்கைப் புல்லில் அதே பந்து வேகம் இழக்கும். காத்திருந்தால் ஓட்டக்காரர் முதல் பேஸைத் தாண்டியிருப்பார். ஓடிப்போய் எடுக்க வேண்டும், ஓடிக்கொண்டே எறியவும் வேண்டும். புல் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு ஒன்று இருக்கிறது, அங்கே பட்டால் எந்தத் துள்ளலுக்கும் உத்தரவாதம் கிடையாது.

இதன்மேல் பயிற்சி முறை வேறு. ஜப்பானில் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுப்பது, பந்தின் நேர் எதிரே உடம்பைக் கொண்டுபோ, இரண்டு கையாலும் எடு. கையுறையைத் திருப்பி ஒற்றைக் கையால் பக்கவாட்டில் எடுப்பது அங்கே சோம்பேறித்தனத்தின் அடையாளம். அமெரிக்க ஷார்ட்ஸ்டாப்புக்கோ அது அன்றாடச் சாப்பாடு. மூன்றாவது பேஸ் பக்கம் ஆழத்தில் போகும் பந்துக்கு உடம்பைச் சுற்றிக் கொண்டுபோக அங்கே நேரம் இருக்காது. நேர்த்தியான பழக்கத்தை இருபத்தெட்டு வயதில் உடைத்து, 'அரைகுறையாக' எடுக்கப் பழகு என்றால் கால் ஒன்று சொல்லும், கை ஒன்று சொல்லும். மட்சுயியின் பிழைகளைக் கையின் பிழைகளாகவே எழுதினார்கள். பந்துக்கு எப்போது கிளம்புவது என்ற கணக்கில் வந்த பிழைகள் அவை என்பது என் கணிப்பு.

2005-ல் புது மேலாளர் வில்லி ரேண்டால்ஃப். யாங்கீஸில் பல ஆண்டு இரண்டாவது பேஸில் நின்றவர். ரெயஸ் ஷார்ட்டுக்குத் திரும்பினார், மட்சுயி இரண்டாவது பேஸுக்குப் போனார். தூரம் பார்த்தால் சில காலடிகள்தான், வேலை தலைகீழ். ஷார்ட்ஸ்டாப்புக்கு, ஒரே பந்தில் இருவரை அவுட் செய்யும் டபுள் பிளேயின்போது, முதல் பேஸிலிருந்து வரும் ஓட்டக்காரர் கண்ணெதிரே தெரிவார். இரண்டாவது பேஸ்காரர் பெரும்பாலும் முதுகை ஓட்டக்காரருக்குக் காட்டிக்கொண்டு பந்தை வாங்க வேண்டும். வாங்கித் திரும்பி எறியும் நொடியில் காலைக் குறிவைத்து ஒருவர் சறுக்கி வருவார். அன்றைய மேஜர் லீக்கில் அது சட்டப்படி சரி, நல்ல ஆட்டம் என்றுகூட மெச்சுவார்கள். அந்தச் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் விதி 2016-ல்தான் வந்தது.

அந்த ஆண்டு 87 ஆட்டம், சராசரி .255, முழங்கால் காயம். அடுத்த ஆண்டு 38 ஆட்டம், சராசரி .200. அப்புறம்தான் அந்த மரேரோ பேரம்.

டென்வர்

ராக்கீஸ் அவரை முதலில் கீழ்நிலை அணியான கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பியது. ஜப்பானின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், முப்பது வயதில், சின்ன ஊர் மைதானங்களில் இரண்டாவது பேஸ் பழகினார். ஆகஸ்டில் மேலே அழைத்தார்கள். 32 ஆட்டங்களில் .345 அடித்தார்.

ராக்கீஸின் ஊரான டென்வரின் மெல்லிய காற்று எல்லோருடைய சராசரியையும் ஏற்றிவிடும், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் காற்று யாருக்கும் பந்து எடுத்துத் தராது. 2007-ல் மட்சுயி 104 ஆட்டம், .288, 32 திருட்டு. அந்த ஆண்டு ராக்கீஸ் அணியின் ஃபீல்டிங் சதவீதம் (பிழையில்லாமல் பந்தைக் கையாண்ட விகிதம்) மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் தொடாத உயரம். ஷார்ட்ஸ்டாப்பில் புதுமுகம் டுலோவிட்ஸ்கி, முதல் பேஸில் ஹெல்டன், நடுவே இரண்டாவது பேஸில் பெரும்பாலும் நியூயார்க் வேண்டாம் என்று தள்ளிய ஆள். முதல் பேஸ் பக்கத்தில் இருப்பதால் எறிய நேரம் இருக்கிறது. பந்தை நேர் எதிரே போய் இரண்டு கையால் எடுக்கும் பழைய பழக்கம் அங்கே பலவீனமாகத் தெரியவில்லை.

சீசனின் கடைசி வாரங்களில் ராக்கீஸ் தோற்கவே மறந்துபோனது. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடருக்குள் நுழையும்போது கடைசி 22 ஆட்டங்களில் 21 வெற்றி. அந்த ஓட்டத்தின் நடுவில் அக்டோபர் 4, பிலடெல்பியா. நான்காவது இன்னிங்ஸ், ராக்கீஸ் 2-3 என்று பின்தங்கியிருக்கிறது, மூன்று பேஸும் நிறைந்திருக்கின்றன, இரண்டு அவுட். சீசன் முழுக்க நான்கே ஹோம் ரன் அடித்திருந்த மட்சுயி, கைல் லோஷின் பந்தை நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாமாக மாற்றினார். அன்றே ஒரு டபுளும் ஒரு டிரிபிளும். அணி 10-5 என்று ஜெயித்தது. எதிரணியில் இன்னொரு ஜப்பானிய இன்ஃபீல்டர் இருந்தார், தடாஹிதோ இகுச்சி. அவருக்குப் பிறகு வருகிறேன்.

உலகத் தொடரில் பாஸ்டன் 4-0 என்று முடித்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்காகப் பந்துவீசியவர் டைசுகே மட்சுஸாகா. செய்புவில் மட்சுயியின் பின்னால் வந்து, அவர் ஷார்ட்ஸ்டாப்பில் காவல் நிற்க, ஐந்து ஆண்டு பந்துவீசிய அதே தம்பி.

பிறகு ஹூஸ்டன் அணி, மூன்று ஆண்டுக்கு 1.65 கோடி டாலர். முதல் ஆண்டுத் தொடக்கத்தையே ஆசனவாய் வெடிப்புக்கான அறுவை சிகிச்சையில் தவறவிட்டார். வேறு இடத்தில் காயம் என்றால் அனுதாபப்பட்டிருப்பார்கள், இதற்குச் சிரித்தார்கள். 2008-ல் .293 அடித்தும் 96 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2009 ஆகஸ்டில் இரு நாட்டு ஹிட்களும் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தொட்டன. 2010 மே மாதம், சராசரி .141-ல் இருந்தபோது விடுவித்துவிட்டார்கள். மேஜர் லீக் கணக்கு: 630 ஆட்டம், 615 ஹிட், 32 ஹோம் ரன், 102 திருட்டு, .267. எடுத்தவுடன் தோல்வி என்று சொல்லக்கூடிய எண்களா இவை? இரண்டாவது பேஸ்காரர் என்று வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பின்னால் வந்தவர்கள்

இகுச்சி ஜப்பானிலேயே 2001-ல் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து இரண்டாவது பேஸுக்கு மாறிவிட்டார். 2005-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை அதே இடத்துக்கு எடுத்தது. அந்த ஆண்டே உலகத் தொடர் வெற்றி. மட்சுயியைவிட இகுச்சி பெரிய ஆட்டக்காரர் என்று ஜப்பானில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விமானம் ஏறும்போதே இகுச்சியின் இடம் முடிவாகியிருந்தது.

சுயோஷி நிஷியோகாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2010-ல் 206 ஹிட், .346 என்று பேட்டிங் பட்டம் வாங்கியவர். மினசோட்டா ட்வின்ஸ் அவரை இரண்டாவது பேஸில் நிறுத்தியது. 2011 ஏப்ரல் 7, யாங்கீ ஸ்டேடியம்: டபுள் பிளேயில் நிக் ஸ்விஷர் சறுக்கி வந்து மோத, இடது கால் எலும்பு முறிந்தது. சீசன் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திரும்பி வந்தபோது ஷார்ட்ஸ்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். 68 ஆட்டத்தில் .226. 2013-ல் ஹன்ஷின் அணிக்காக ஜப்பானில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஹிரோயுகி நகாஜிமாவின் கதையில் மட்சுயியின் நிழல் இன்னும் அழுத்தமாக விழுகிறது. 2004-ல் செய்புவில் மட்சுயி விட்டுப்போன இடத்தை நிரப்பியவரே அவர்தான். 2012 டிசம்பரில் ஓக்லாண்ட் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டது, ஷார்ட்ஸ்டாப்பாகத்தான். தொடைத் தசைக் காயம், கீழ்நிலை அணி, காத்திருப்பு. ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பினார்.

செண்டாய்

2011-ல் ஜப்பானின் ரகுட்டன் அணி மட்சுயியை அழைத்தது. மார்ச் 11 அன்று தோஹோகு நிலநடுக்கமும் சுனாமியும். செண்டாய் அந்த அணியின் சொந்த ஊர். சீசன் ஏப்ரல் 12 வரை தள்ளிப்போனது. வேலையிழந்து திரும்பிய முப்பத்தைந்து வயது ஆட்டக்காரரும் பாதி இடிந்த கடற்கரைப் பகுதியும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது என்று எழுதிவிடலாம், படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏறக்குறைய இருபதாயிரம் பேரைப் பறிகொடுத்த பேரழிவின் துயரத்தோடு ஒரு சராசரி எண்ணின் சரிவை வைத்துப் பேச எனக்குக் கை வரவில்லை.

ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். மட்சுயி திரும்பவும் ஷார்ட்ஸ்டாப். ஏழு ஆண்டு அமெரிக்காவில் 'இவருக்கு வராது' என்று முத்திரை குத்திய அதே இடம், இப்போது வயதும் கூடிவிட்டது. 2013-ல் அவர் அணித் தலைவர். மசாஹிரோ தனாகா சீசனில் 24 வெற்றி, தோல்வி பூஜ்யம். ஜப்பான் தொடரில் யோமியூரிக்கு எதிராக ஆறாவது ஆட்டத்தில் 160 பந்து வீசித் தோற்ற தனாகா, மறுநாள் ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கத் திரும்பவும் பந்துவீசும் மேட்டில் ஏறினார். 3-0. அணி தொடங்கி ஒன்பதாவது ஆண்டில் முதல் பட்டம். மட்சுயிக்கு அப்போது முப்பத்தெட்டு. செய்புவில் ஆடிய காலத்தில் ஜப்பான் தொடரை ஜெயிக்காதவருக்கு அதுவே முதல் ஜப்பான் தொடர் வெற்றி.

2015-ல் ஜப்பானில் மட்டுமே இரண்டாயிரம் ஹிட் தாண்டினார். 2018-ல் செய்புவுக்குத் திரும்பி, அணி லீக் பட்டம் வாங்கிய ஆண்டில் ஓய்வு பெற்றார். இரு நாடும் சேர்த்து 2,705 ஹிட். 2023-ல் செய்புவின் மேலாளர் ஆனார். 2024 மே மாதம் 15 வெற்றி, 30 தோல்வி என்ற கணக்கோடு பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அந்த ஆண்டு செய்பு முடிவில் 91 ஆட்டம் தோற்றது, ஆக ஆள் மாறியதால் ஒன்றும் மாறவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். 2013-ல் பட்டம் வாங்கியபோது செண்டாய் மைதானத்தின் தரை செயற்கைப் புல். 2016-ல்தான் அதைப் பெயர்த்தெடுத்து இயற்கைப் புல் போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மட்சுயி அவுட்ஃபீல்டுக்குப் போயிருந்தார்.